பென்ஷன்காரர் தலையில் எந்த வரி? விலக்கு யார் கையில்?

(டிசம்பர் 17 ஓய்வூதியர் தினத்தையொட்டி தருமபுரியில் நடைபெற்ற கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



1982ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு நகரா வழக்கில் தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் என்பது சர்க்கார் மனமிரங்கிப் போடும் பிச்சையல்ல. செய்த வேலைக்கு உரிய ஊதியத்தின் பாக்கி என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம்.

இன்று அந்தத் தீர்ப்பின் பெருமையைப் பேசி முடித்துவிட நாங்கள் விரும்பவில்லை. கூலியாக வாங்கிய பணத்தில் எவ்வளவு நம் கையில் நிற்கிறது, எவ்வளவு வரியாகத் திரும்பிப் போகிறது என்ற கணக்கைப் பார்க்க விரும்புகிறோம். வீடு வீடாகச் சென்று இந்தக் கூட்டத்துக்கு அழைத்தபோது பலரும் கேட்ட கேள்வியே இதற்குக் காரணம். ஒரு பெரியவர் கேட்டார்: "என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே சில மாநிலங்களில் ஓய்வு பெற்றவர்களுக்கு மாநில வருமான வரியே கிடையாதாம். நம் தமிழ்நாடு சர்க்கார் அப்படி ஒரு விலக்குக் கொடுக்கக் கூடாதா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லுமுன் எந்த வரி யாருடைய கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாவிட்டால் தில்லியிடம் கேட்க வேண்டியதைச் சென்னையிடமும், சென்னையிடம் கேட்க வேண்டியதை நகராட்சி வாசலிலும் கேட்டுக்கொண்டு நிற்போம். அதிகாரிகளுக்கு அது மிகவும் சௌகரியம்.

மூன்று கைகள்

பெரியவரின் மகன் சொன்னது உண்மையே. அமெரிக்காவில் மத்திய சர்க்காரும் வருமான வரி போடுகிறது, மாநிலங்களும் தனியே போடுகின்றன. இல்லினாய், பென்சில்வேனியா போன்ற மாநிலங்கள் ஓய்வூதியத்தைத் தங்கள் வரியிலிருந்து நீக்கி வைத்திருக்கின்றன. டெக்சாஸ், புளோரிடா போன்ற சில மாநிலங்களில் தனிமனிதர் மீது மாநில வருமான வரியே இல்லை.

நம் நாட்டு ஏற்பாடு வேறு. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களைப் பங்கிட்டிருக்கிறது. விவசாய வருமானம் நீங்கலாக மற்ற வருமானத்தின் மீது வரி போடும் அதிகாரம் மத்தியப் பட்டியலில் 82ஆவது இனம். அது தில்லியின் கை. ஆகவே ஓய்வூதியத்துக்கு வருமான வரி விலக்குத் தரும் அதிகாரம் தமிழ்நாடு சர்க்காருக்கு இல்லை. எந்த மந்திரியாவது மேடையில் அப்படி வாக்குறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

அதே அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 49ஆவது இனம் நிலத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் போடும் வரி. 60ஆவது இனம் தொழில் வரி. இவற்றுக்குச் சட்டம் செய்வது சென்னை; வசூல் செய்வது நகராட்சியும் பஞ்சாயத்தும். தொழில் வரியை நீங்கள் அறிவீர்கள். வேலையில் இருந்த காலத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை சம்பளத்தில் பிடித்தார்கள். ஒருவரிடம் ஆண்டுக்கு 2500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற பின் பென்ஷனில் அதைப் பிடிப்பதில்லை. ஆனால் ஓய்வுக்குப் பின் கடை வைத்தாலோ, இன்னொரு வேலைக்குப் போனாலோ அந்த வரி திரும்ப வரலாம்.

மூன்றாவது, பொருள்களின் மீது போடும் வரி. 2017 ஜூலை 1 முதல் அது ஜி.எஸ்.டி. என்ற பெயரில் தில்லிக்கும் சென்னைக்கும் சரிபாதியாகப் போகிறது. பெட்ரோல், டீசல், குடிக்கும் மது போன்ற சில அதற்கு வெளியே நிற்கின்றன.

வருமான வரி: கேட்டவருக்கே சலுகை

முதலில் தில்லியின் கையைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றி, 2026 ஏப்ரல் 1 முதல் அமலாக்க நாள் குறித்தார்கள். பிரிவு எண்களெல்லாம் மாறுவதால் நாம் எண்களைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்கிறோம்.

ஓய்வு பெறும்போது மொத்தமாக வருவதில் பெரும்பகுதிக்கு வருமான வரி இல்லை. சர்க்கார் ஊழியர் வாங்கும் பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷன் தொகை ஆகியவற்றுக்கு முழு விலக்கு உண்டு. ஆலைத் தொழிலாளர் முதலிய மற்றவர்களுக்கு வரம்பு உண்டு: பணிக்கொடைக்கு 20 லட்சம், விடுப்புச் சம்பளத்துக்கு 2023 முதல் 25 லட்சம். ஒரே மாதிரி உழைத்தவர்களுக்குள் இந்த வித்தியாசம் ஏன் என்று தொழிலாளர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மாதா மாதம் வரும் ஓய்வூதியம் அப்படியல்ல. சட்டத்தின் கண்ணில் அது சம்பளம். அதற்கு வரி உண்டு. கணக்குப் போட இரண்டு முறைகள் இருக்கின்றன. பழைய முறையில் வயதுக்கு மதிப்பு உண்டு: 60 வயதானவருக்கு 3 லட்சம் வரையிலும், 80 வயதானவருக்கு 5 லட்சம் வரையிலும் வரி இல்லை, பாங்கி வட்டியில் 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். புதிய முறையில் வயது பார்ப்பதில்லை. 2025-26ஆம் நிதியாண்டுக் கணக்குப்படி எல்லோருக்கும் 4 லட்சம் வரை வரி இல்லை. மொத்த வருமானம் 12 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் வரும் வரியைத் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். ஓய்வூதியத்தில் 75,000 ரூபாய் நிலைக் கழிவும் உண்டு. குடும்ப ஓய்வூதியம் பெறும் தாய்மார்களுக்கு அந்தக் கழிவு இல்லை. தொகையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விலக்கு வேறு, தள்ளுபடி வேறு. 12 லட்சம் வரை விலக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு, 5 லட்சம், 6 லட்சம் வருமானம் உள்ளவர்கள் கணக்கே தாக்கல் செய்யாமல் இருந்துவிடுகிறார்கள். 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்துதான் தள்ளுபடியைப் பெற வேண்டும். நீண்ட காலம் வைத்திருந்த வீட்டு மனையை விற்று வந்த லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்றவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

பாங்கி வட்டி இன்னொரு இடம். 60 வயதானவருக்கு ஒரு பாங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் நூற்றுக்குப் பத்து பிடிக்கிறார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 50,000ஆக இருந்தது. பான் எண் கொடுக்காதவரிடம் நூற்றுக்கு இருபது பிடிக்கிறார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்று உறுதிமொழிப் படிவம் எழுதிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். பல ஆண்டுகளாக 15எச் என்று அழைக்கப்பட்டு வந்த படிவம் அது. நிதியாண்டுத் தொடக்கத்தில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். 75 வயதைக் கடந்தவர், ஓய்வூதியமும் வட்டியும் ஒரே பாங்கியில் வருமானால், அந்தப் பாங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கணக்குத் தாக்கல் செய்யும் தொல்லையிலிருந்தே தப்பலாம். பஞ்சப்படி பாக்கியோ ஊதியக்குழு பாக்கியோ பல ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரே ஆண்டில் வந்தால், அந்தந்த ஆண்டுக்குப் பிரித்து நிவாரணம் பெறவும் வழி உண்டு. அதற்கும் தனிப் படிவம். கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன் அதைக் கொடுக்க வேண்டும்.

இத்தனை சலுகைகளும் சட்டத்தில் இருக்கின்றன. ஆனால் எதுவும் தானாக வீடு தேடி வருவதில்லை. படிவம் தெரிந்தவருக்கே சலுகை; தெரியாதவருக்குப் பிடித்தம்.

வரி கட்டாதவர் யாருமில்லை

இதுவரை சொன்னது ஓரளவு ஓய்வூதியம் வாங்குபவர்களுக்குப் பொருந்தும். பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளில் ஓய்வு பெற்ற தொழிலாளியின் நிலை என்ன? வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். அந்தத் திட்டத்தில் பஞ்சப்படி கிடையாது. விலை ஏறினாலும் பென்ஷன் ஏறாது. அவருக்கு 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று சொல்வதில் என்ன பிரயோஜனம்? இல்லாத மாட்டுக்குக் கட்டுத்தறி எதற்கு?

"எனக்குத்தான் வருமான வரியே இல்லையே, நான் வரி கட்டாதவன்" என்று அவரும் நினைக்கிறார். அது சரியல்ல. காலையில் பல் துலக்கும் பற்பசையிலிருந்து இரவில் போடும் மூட்டுவலி மாத்திரை வரை அவர் வரி கட்டுகிறார்.

இந்த மறைமுக வரிக்கும் நம் ஜில்லாவுக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி மந்திரிசபை முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. தருமபுரி அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1965 அக்டோபர் 2ஆம் தேதிதான் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. கள், சாராய வருமானம் போனதால் விழுந்த துண்டை நிரப்ப 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. மதுவிலக்குப் பிற்காலத்தில் போயிற்று. 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடைகளில் மது விற்கிறது. ஆனால் மதுவிலக்கின் பெயரால் வந்த விற்பனை வரி போகவில்லை. பெயர் மாறி, வடிவம் மாறி, ஜி.எஸ்.டி.யில் கலந்துவிட்டது.

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்களைக் குறைத்தது உண்மை. நூற்றுக்குப் பன்னிரண்டாக இருந்த மருந்துகளின் வரி ஐந்தாயிற்று. உயிர்காக்கும் மருந்துகள் 33க்கு வரியே இல்லை. சோப்பு, பற்பசை, தலை எண்ணெய்க்கு 18 ஐந்தாயிற்று. தனிநபர் எடுக்கும் ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடுகளுக்கு 18 முழுவதும் நீங்கிற்று. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் 2017 முதல் எட்டாண்டுகள் முதியவரின் மருத்துவக் காப்பீட்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டு வாங்கினார்களே, அது எந்த நியாயம்? வரி குறைந்த அளவுக்குக் கடையில் விலை குறைந்ததா என்று இனி மருந்துச் சீட்டைப் பார்த்து வாங்க வேண்டும்.

வீட்டு வரி: வருமானம் இல்லாமலே வரும் வரி

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். சென்னையின் கையில் உள்ள வரி, நகராட்சி வசூலிக்கும் வரி, வீட்டு வரி.

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்களில் வீட்டு வரியை உயர்த்தினார்கள். சென்னை நீங்கலாக மற்ற நகரங்களில் 600 சதுர அடி வரை உள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50 சதவீதம், 1201 முதல் 1800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. பின்னர் ஆண்டுதோறும் ஒரு விகிதம் கூட்டவும் ஏற்பாடு செய்தார்கள். 15ஆவது நிதிக்குழுவின் மானியத்துக்குத் தில்லி போட்ட நிபந்தனை இது என்று சென்னை சொல்லியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காட்டினார்கள். நோட்டீஸ் வந்தது நம் வீட்டு வாசலுக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆலையில் முப்பது வருஷம் உழைத்து, வைப்பு நிதிப் பணத்தைப் போட்டு 1100 சதுர அடியில் வீடு கட்டிய ஒரு தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். அவர் காலமாகிவிட்டார். மனைவிக்கு மாதம் 1800 ரூபாய் ஓய்வூதியம், ஆண்டுக்கு 21,600. வீட்டு வரி முன்னர் ஆண்டுக்கு 2000. ஐம்பது சதவீதம் ஏறி 3000 ஆயிற்று என்று கொள்வோம். அந்த அம்மாளின் ஆண்டு வருமானத்தில் நூற்றுக்குப் பதினான்கு வீட்டு வரிக்கே போகிறது. ஒன்றரை மாதப் பென்ஷன் போதாது.

எதிர்ப்புறம் ஆண்டுக்கு 16 லட்சம் வருமானம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2025-26ஆம் ஆண்டின் புதிய முறைப்படி அவருடைய வருமான வரி மேல்வரியோடு சேர்த்து 1,24,800 ரூபாய். நூற்றுக்கு எட்டுகூட இல்லை. 12 லட்சக்காரருக்கு ஒன்றுமே இல்லை. இவர்களும் வீட்டு வரி கட்டுகிறார்கள்தான். ஆனால் அவர்கள் வருமானத்தில் அது கண்ணில் படாத பங்கு. 16 லட்சக்காரர் வருமான வரியாகக் கொடுக்கும் பங்கைவிட 1800 ரூபாய்க்காரி வீட்டு வரியாகக் கொடுக்கும் பங்கு பெரிது என்றால், இது என்ன வரித் திட்டம்?

காரணம் எளிது. வருமான வரிக்கு வருமானம் வேண்டும். வீட்டு வரிக்கு வருமானம் வேண்டியதில்லை. தெரு எது, பரப்பு எவ்வளவு, குடியிருப்பா வணிகமா என்று பார்க்கிறார்கள். உள்ளே இருப்பவர் என்ன சாப்பிடுகிறார் என்று பார்ப்பதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டை வருமான வரிச் சட்டமும் பார்க்கிறது. சொந்தக்காரரே குடியிருக்கும் வீட்டினால் வருமானம் எதுவும் இல்லை, அதன் மதிப்பு பூஜ்யம் என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. வாடகை வராத வீட்டிலிருந்து அந்த அம்மாள் எதைக் கொண்டு வரி கட்டுவார் என்று கேட்க வீட்டு வரிச் சட்டத்தில் இடமில்லை.

மூத்த குடிமக்கள் என்பதற்காக அந்தச் சட்டம் விலக்கு எதுவும் தருவதில்லை. அரையாண்டின் முதல் 30 நாளைக்குள் கட்டினால் நூற்றுக்கு ஐந்து ஊக்கத் தொகை உண்டு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் தயாராகக் கையில் பணம் வைத்திருப்பவருக்கு அது கிடைக்கும். தவணை பிரித்துக் கட்டும் ஏழைக்குக் கிடைக்காது.

நகராட்சிக்குப் பணம் வேண்டாமா?

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் வரும். இரண்டும் மதிக்க வேண்டிய ஆட்சேபங்கள்.

முதலாவது: வரியைக் குறைத்தால் நகராட்சி எப்படி நடக்கும்? சாக்கடை அள்ளும் தோழருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? நம் ஜில்லாவின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் கறையும் எலும்பில் வலியும் நம்மில் பலருக்கு அது கொடுத்த சொத்து. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகே காவேரித் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கிற்று. ஜப்பானில் கடன் வாங்கிப் போட்ட திட்டம் அது. அந்தப் பம்புகள் ஓடப் பணம் வேண்டும். ஆகவே நகராட்சிக்கு வரியே வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்ல நாம். ஓய்வு பெற்றவரின் சுமையை இறக்கித் துப்புரவுத் தொழிலாளியின் வயிற்றில் ஏற்றும் கோரிக்கை தொழிலாளி வர்க்கக் கோரிக்கையாக இருக்க முடியாது.

இரண்டாவது: ஓய்வூதியர் எல்லோரும் ஏழைகளா? இல்லை. மாதம் லட்சத்தை எட்டும் ஓய்வூதியமும், வாடகைக்கு விட்ட நான்கு வீடுகளும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விலக்குக் கேட்பது நம் வேலையல்ல. மறுபக்கம், பென்னாகரம் பக்கத்தில் ஆயுள் முழுவதும் கேழ்வரகுக் காட்டில் கூலி வேலை செய்த மூதாட்டிக்கு ஓய்வூதியர் என்ற பெயரே கிடையாது. முதியோர் உதவித்தொகை 1000 ரூபாயாக இருந்தது, 2023இல் 1200 ஆயிற்று. அவருடைய ஓட்டு வீட்டுக்கும் பஞ்சாயத்து வரி உண்டு. அவரை விட்டுவிட்டு நமக்கு மட்டும் கேட்டால் ஊரார் நம் பக்கம் நிற்க மாட்டார்கள், நிற்கவும் வேண்டியதில்லை.

இந்த இரண்டு ஆட்சேபத்துக்கும் விடை சொல்லும் ஏற்பாடு ஒன்று முதலாளித்துவ நாடான அமெரிக்காவிலேயே இருக்கிறது. 1964இல் விஸ்கான்சின் மாநிலத்தில் முதியவர்களுக்காக அதைக் கொண்டுவந்தார்கள். மின்சாரம் அளவுக்கு மீறினால் ஃபியூஸ் போய் வீட்டைக் காப்பாற்றுகிறதல்லவா? அதுபோல, குறைந்த வருமானக்காரரின் வீட்டு வரி அவர் வருமானத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால், அந்த மிகுதியின் பெரும்பகுதியை மாநில சர்க்கார் திருப்பிக் கொடுக்கும். ஊராட்சி தன் வரியை முழுவதும் வாங்கிக்கொள்ளும். ஏழை முதியவருக்கு நிவாரணம் மாநிலக் கஜானாவிலிருந்து வரும். பிறகு வேறு பல மாநிலங்களும் இதைப் பின்பற்றின.

அவ்வளவு தூரம் போவானேன்? தில்லி மாநகராட்சி மூத்த குடிமக்கள், பெண்கள், மாற்றுத் திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர் ஆகியோர் தாமே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை, வரியில் நூற்றுக்கு முப்பது தள்ளுபடி கொடுத்து வந்திருக்கிறது. தில்லியில் முடிந்தது தருமபுரியில் ஏன் முடியாது?

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 1953இல் கொண்டுவந்த பெரும் சொத்துக்களின் மீதான வாரிசு வரியை 1985இல் எடுத்தார்கள். 1957இல் கொண்டுவந்த செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் கைவிட்டார்கள். 2019இல் கம்பெனிகளின் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15. அப்போதெல்லாம் பணத்துக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. மூத்த குடிமக்களுக்கு ரயில் கட்டணத்தில் இருந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியபோதுதான் கஜானாவின் கவலை அவர்களுக்கு நினைவு வந்தது.

நம் கோரிக்கைகள்

ஆகவே, பெரியவர் கேட்ட கேள்விக்கு நம் பதில் இது: வருமான வரியில் விலக்கு சென்னையின் கையில் இல்லை. வீட்டு வரியில் விலக்கு சென்னையின் கையில் இருக்கிறது. அங்கே கேட்போம்.

ஒன்று: 60 வயதான, ஒரே வீடு உடைய, அதில் தாமே குடியிருக்கும் எவருக்கும் - ஓய்வூதியம் உள்ளவரானாலும் இல்லாதவரானாலும் - 1200 சதுர அடி வரை வீட்டு வரியில் தள்ளுபடி வேண்டும்.

இரண்டு: குறைந்த வருமானமுள்ள முதியவர்களின் வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் சேர்ந்து ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போகக் கூடாது. நாம் சொன்ன அந்த அம்மாளுக்கு அது வீட்டு வரியோடு குடிநீர்க் கட்டணத்தையும் சேர்த்து 648 ரூபாய். மிகுதியை மாநில சர்க்கார் நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் ஈடுகட்ட வேண்டும். ஸ்தல ஸ்தாபனத்துக்கு ஒரு காசு குறையக் கூடாது.

மூன்று: வீட்டின் முன் அறையில் பெட்டிக்கடை வைத்துப் பிழைக்கும் முதியவரின் வீட்டை வணிகக் கட்டடமாகக் கணக்கெடுக்கக் கூடாது.

நான்கு: இது தில்லிக்கு - வைப்பு நிதி ஓய்வூதியத்தை உயர்த்தி, பஞ்சப்படியோடு இணைக்க வேண்டும்.

நாளை காலையில் செய்ய வேண்டியவை

கோரிக்கை நிறைவேறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் போட்டிருக்கும் சதுர அடி சரிதானா? 580 சதுர அடி வீட்டை 610 என்று எழுதினால் உயர்வு 25இலிருந்து 50க்குத் தாவிவிடுகிறது. அளவு தவறானால் நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ரசீது காலமானவர் பேரிலேயே இருந்தால் பெயர் மாற்றம் செய்துகொள்ளுங்கள். நாளை ஒரு சலுகை வந்தால் உயிரோடிருப்பவர் பேரில்தான் கேட்க முடியும்.

பாங்கி வட்டியில் பிடித்தம் இருக்கிறதா என்று பாஸ் புத்தகத்தைப் பாருங்கள். பிடித்திருந்தால், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். இது தெரிந்த ஆசிரியத் தோழர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு நாள் மாலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவருக்குப் படிவம் எழுதிக் கொடுங்கள். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்த கைகள் அவை. அந்த ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் உங்களிடம் படித்தவன்தான்.

அடுத்து, தெருவாரியாகக் கணக்கெடுங்கள். 60 வயதானவர் எத்தனை பேர், வருமானம் என்ன, வீட்டு வரி என்ன, அது வருமானத்தில் நூற்றுக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஓய்வூதியர் வீட்டோடு நிற்காமல் அடுத்த வீட்டுக்கும் போங்கள். ஆயிரம் வீட்டுக் கணக்கோடு கலெக்டரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் மனுக் கொடுப்பது வேறு. கணக்கில்லாமல் கோஷம் போடுவது வேறு. கணக்கு கையில் இருந்தால் அதிகாரி மறுக்க முடியாது. துப்புரவுத் தொழிலாளர் சங்கமும் நம்மோடு வந்து நிற்கும்.

ஓய்வூதியம் கூலியின் பாக்கி என்று 1982இல் கோர்ட்டு சொன்னது. அந்தத் தீர்ப்பும் தானாக வரவில்லை. ஓய்வு பெற்ற சிலர் எதற்கு வம்பு என்று வீட்டில் இருக்காமல் கோர்ட்டுப் படி ஏறியதால் வந்தது. நாம் ஏற வேண்டியது நகராட்சிப் படியும் கலெக்டர் ஆபீஸ் படியும். முழங்கால் வலிக்கும், தெரியும். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறுவோம், தோழர்களே!